லென்ஸைத் துடைப்பதற்கு முன்

ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஓய்வு நேரத்தில் பறவைகளைப் படமெடுப்பேன். முகூர்த்த நாள்களில் சேலத்துக்கு இறங்கி, கல்யாணப் படம் எடுக்கும் நண்பருக்குத் துணையாகப் போவேன். என்னிடம் 18-55 மி.மீ., 70-300 மி.மீ. என ஒரு சின்ன லென்ஸும் ஒரு பெரிய லென்ஸும் இருக்கின்றன. சின்ன லென்ஸின் முன்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளும் விரல் ரேகையும் படிந்திருக்கின்றன. வானத்தை எடுத்தால் படத்தில் சாம்பல் நிறப் பொட்டுகள் விழுகின்றன. பெரிய லென்ஸின் உள்ளே, ஓரத்தில், சிலந்தி வலை போல ஏதோ தெரிகிறது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவம் போதும் என்கிறார் நண்பர். சட்டைத் துணியே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். எதைச் செய்வது? வீட்டிலேயே செய்யலாமா?"

உங்கள் கடிதத்தில் உள்ளவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள். அவற்றில் ஒன்று லென்ஸைச் சேர்ந்ததே அல்ல. வானத்தில் விழும் சாம்பல் பொட்டுகள் கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் மேல் ஒட்டிய தூசியின் நிழல்கள். முன்கண்ணாடியில் இருக்கும் துகள், சென்சாரில் தெளிவாக விழும் அளவுக்கு ஃபோகஸில் ஒருபோதும் வராது; அதனால் அது பொட்டாகத் தெரியாமல் கரைந்துபோகும். சந்தேகமிருந்தால் லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை (அப்பர்ச்சர்) எஃப் 16-க்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். பிறகு லென்ஸை மாற்றி இன்னொரு படம் எடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே பொட்டு இருந்தால் குறை சென்சாரில்தான். இதை அறியாமல், படத்தில் பொட்டு விழுகிறது என்று நல்ல லென்ஸை நாள்தோறும் தேய்த்துக் கெடுத்துக்கொண்டு வருபவர்களை, லென்ஸ் பழுதுபார்க்கும் என் மேசையில் நான் அடிக்கடி பார்க்கிறேன். சென்சாருக்குக் கேமராவிலேயே இருக்கும் தானியங்கிச் சுத்திகரிப்பை முதலில் இயக்குங்கள். அதில் போகாவிட்டால் ரப்பர் ஊதுபந்தால் ஊதிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி சின்ன லென்ஸுக்கு வருவோம். துடைப்பதைப் பற்றிச் சொல்வதற்கு முன், துடைப்பதால் என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். லென்ஸில் கீறல் விழுவது பெரும்பாலும் தூசி படிவதால் அல்ல. படிந்த தூசியைத் துணியால் அழுத்தி இழுப்பதால்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் லென்ஸ் கண்ணாடிகள் பெரும்பாலும் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கின்றன. வெள்ளைக்கல் என்று நம் ஊரில் சொல்லும் மேக்னசைட், 4 அளவில்தான் இருக்கிறது. சேலத்துச் சுரங்கப் பக்கம் பறக்கும் அந்த வெள்ளைத் தூள் தனியாக வந்தால் கண்ணாடியைக் கீறும் வலிமை அதற்கு இல்லை. ஆனால் சாலைத் தூசியில் அது தனியாக வருவதில்லை. மணலில் உள்ள குவார்ட்ஸும் சேர்ந்தே வருகிறது. அதன் கடினம் 7. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையிலும் அதே குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. ஆகவே மலையில் எடுத்தாலும் ஊரில் எடுத்தாலும், உங்கள் லென்ஸின் மேல் கண்ணாடியைவிடக் கடினமான துகள் சில உட்கார்ந்திருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கீறல் முதலில் விழுவது கண்ணாடிக்கு மேலே, ஒளி திரும்பிப் போகாமல் தடுக்க ஏற்றியிருக்கும் பூச்சில். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துத் தனிக் கண்ணாடிகள் கொண்ட லென்ஸில் இருபது பரப்புகள் உண்டு. பூச்சு இல்லையென்றால் உள்ளே வந்த ஒளியில் பாதிக்கும் குறைவானதே சென்சாரைச் சேரும், மீதியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், காலப்போக்கில் நிறம் மங்கிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை விடுவதைக் கவனித்தார்; அந்த மங்கலே பூச்சுப் போல வேலை செய்தது. 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் பூச்சு ஏற்றும் முறையைக் கண்டார். மக்னீசியம் ஃபுளோரைடின் ஒற்றைப் பூச்சு ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமன்தான், அதாவது தலைமுடியின் பருமனில் பல நூறில் ஒரு பங்கு. இன்றைய பூச்சுகள் உறுதியானவை. ஒழுங்காகத் துடைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். ஒரே ஒரு மணல் துகளை அழுத்தி இழுத்தால் மட்டும் தாங்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் பழகிய காலத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் லென்ஸை அவசரத்தில் இடுப்பு வேட்டியின் முனையால் துடைத்தேன். வெளுத்து வந்த நல்ல வேட்டி, துணியும் மெதுவானதுதான். விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது பூச்சின் மேல் வளைவாக, மயிரிழை போல, நான்கு கோடுகள் ஓடியிருந்தன. ஊதாமல் துடைத்ததால் தூசி துணிக்கு அடியிலேயே கிடந்தது, போதாததற்குத் துணியில் கஞ்சியும் இருந்தது. அந்தக் கோடுகளை அழிக்க வழியே இல்லை. அன்றிலிருந்து என் மேசையில் ஊதாமல் எந்த லென்ஸையும் எந்தத் துணியும் தொடுவதில்லை. சட்டைத் துணி போதும் என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. காற்றாடியை நிறுத்திவிட்டு, லென்ஸின் முகம் தரையைப் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் ப்ளோயர் என்று கேட்டால் கிடைக்கும் ரப்பர் ஊதுபந்தால், பந்தின் முனை லென்ஸில் படாமல், கீழிருந்து மேல்நோக்கிப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி ஊதுங்கள். உதிரும் தூசி மறுபடியும் கண்ணாடியில் உட்காராமல் கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடைக் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் நீரும் கலந்திருக்கும். டப்பாவில் அடைத்த காற்றைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவமே வெளியே பீய்ச்சும். பிறகும் ஒட்டியிருப்பதை லென்ஸ் பேனாவின் பின்முனையில் உள்ள மென்மயிர்த் தூரிகையால், கண்ணாடியை வருடுகிறோம் என்று சொல்ல முடியாத அளவு லேசாகத் தள்ளிவிடுங்கள். தூரிகையின் மயிரை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோலின் எண்ணெய் அதில் ஏறிக்கொள்ளும். பெரும்பாலான நாள்களுக்கு இந்த இடத்தோடு வேலை முடிந்துவிட்டது. நாலைந்து தூசித் துகள்கள் மிச்சமிருந்தாலும் படத்தில் அது தெரியாது, விட்டுவிடுங்கள்.

விரல் ரேகையை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. அதில் உள்ள எண்ணெய், எதிர்வெயிலில் படத்தின் மேல் மூட்டமாகப் பரவும். நாள்பட்டால் பூஞ்சைக்கும் உணவாகும். உங்கள் வெள்ளைப் புள்ளிகளோ வேறு வகை. கல்யாண வீட்டுப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: பன்னீர்ச் செம்பிலிருந்து தெறித்த துளியோ, மழைத் துளியோ, மேலே காய்ந்து நின்ற தடமாக அவை இருக்கக்கூடும். ஓமப் புகைக்கு எதிரே நின்று எடுத்திருந்தால் அதன் மேல் நெய்ப்பிசுக்கான கரிப்படலமும் இருக்கும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உப்பும் சர்க்கரையும் நீரில் கரையும், ஆல்கஹாலில் எளிதில் கரையாது. எண்ணெயும் நெய்யும் ஆல்கஹாலுக்கு இளகும், நீருக்கு இளகாது. ஒரே திரவத்தால் இரண்டையும் போக்க முயன்று, போகவில்லை என்று அழுத்தித் தேய்க்கிறோம். ஆகவே முதலில் நீர், பிறகு ஆல்கஹால்.

நீர் என்றால் குழாய் நீரோ போர் தண்ணீரோ அல்ல. அவை காய்ந்தால் தாமே வெள்ளைப் புள்ளியாகும். ஊசி மருந்து கலப்பதற்கென்று மருந்துக் கடையில் சிறு பிளாஸ்டிக் குப்பியில் விற்கும் தூய நீர் ஒன்றே போதும். ஆல்கஹால் என்றால் தூய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் போன்றவை சேர்ந்திருக்கும், கண்ணாடியில் படலமாக நின்றுவிடும். சர்ஜிகல் ஸ்பிரிட்டின் சில வகைகளில் விளக்கெண்ணெய் முதலானவை கலந்திருக்கும். அசிட்டோன் பிளாஸ்டிக் வளையத்தையும் அதன் மேல் எழுதிய எண்களையும் கரைத்துவிடும். சன்னல் துடைக்கும் நீலத் திரவத்தில் அம்மோனியா இருக்கலாம், வேண்டாம். நண்பர் சொன்ன மூக்குக்கண்ணாடித் திரவத்தின் புட்டியில் கேமரா லென்ஸுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால் பயன்படுத்தலாம். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத புட்டியை நான் தொடமாட்டேன்.

எந்தத் திரவமானாலும் கண்ணாடியின் மேல் நேரே விடாதீர்கள். அது ஓரத்து இடுக்கில் இறங்கி உட்கண்ணாடிக்குப் போய்விடும். லென்ஸ் காகிதத்தையோ துவைத்த மைக்ரோஃபைபர் துணியையோ மடித்து, மடிப்பின் முனையில் இரண்டே துளி விடுங்கள். புள்ளியின் மேல் ஈர முனையைச் சில விநாடி வெறுமனே வைத்திருங்கள். தடம் ஊறிக் கரையட்டும். பிறகு நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, சுழிக்கோலம் போடுவது போல ஒரே சுற்றாக, துணியின் கனமே அழுத்தமாகப் போதும் என்ற அளவில் சுற்றி வாருங்கள். ஓரத்தை அடைந்ததும் அந்த முனையை மறுபடியும் பயன்படுத்தாமல் புதிய மடிப்புக்கு மாறுங்கள். நீருக்குப் பின் ஆல்கஹாலுக்கும் இதே முறைதான். ஈரம் காயும் முன் உலர்ந்த முனையால் ஒரு சுற்று வந்தால் கோடு நிற்காது. பின்கண்ணாடியில் படிந்த கறை, முன்கண்ணாடியில் உள்ளதைவிடப் படத்தை அதிகம் பாதிக்கும். சிறியது, உள்ளடங்கியது என்பதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும்.

துணியை வாரம் ஒருமுறை சாதாரண சோப்பில் துவைத்து நிழலில் உலர்த்தி, மூடிய உறையில் வையுங்கள். வாசனைக்கும் மென்மைக்கும் சேர்க்கும் கண்டிஷனர் துணியில் படிந்து லென்ஸுக்கு ஏறும். கல்யாண வேலைக்குப் போகும்போது முன்னால் ஒரு நல்ல ஃபில்டரும் ஹூடும் மாட்டிக்கொள்ளுங்கள். பன்னீரும் ஓமப் புகையும் ஃபில்டரோடு நின்றுவிடும்.

மூன்றாவது, சிலந்தி வலை. 70-300-இன் இரண்டு பக்க மூடிகளையும் எடுத்துவிட்டு, இருட்டறையில், பின்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கை அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் என்றால் தூசி. சீரான மூட்டம் என்றால் உள்ளே எண்ணெயின் ஆவி படிந்திருக்கிறது. ஓரத்தில் வானவில் நிறத்தில் குமிழி போலத் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விலகுகிறது. ஓரத்திலிருந்து உள்நோக்கி, வேர் கிளைப்பது போலப் பிரிந்து பிரிந்து ஓடும் நூல்கள் என்றால் அது பூஞ்சை. உங்கள் விவரிப்பும் நீங்கள் இருக்கும் இடமும் கடைசியதையே சுட்டுகின்றன. பூஞ்சையின் வித்து எந்த ஊர்க் காற்றிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால்தான் அது முளைக்கிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மேகம் சன்னலுக்குள் வரும் மழை மாதங்களில், ஏற்காட்டு வீட்டு அலமாரி அதற்கு ஏற்ற நாற்றங்கால்தான். தோல் பெட்டியும் பஞ்சு வைத்த பையும் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் இன்னும் கேடு.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வருவதும் இதில் சேர்கிறது. மலைக் குளிரில் குளிர்ந்த லென்ஸைச் சமவெளியின் வெப்பமான ஈரக்காற்றில் திறந்தால், குளிர்ந்த நீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும். ஜூம் வளையத்தைத் திருப்பினால் அந்த ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆகவே கிளம்பும் முன், மலையிலேயே, கேமராவையும் லென்ஸையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். மண்டபம் சேர்ந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து பிறகு திறங்கள். உறையின் வெளியே வியர்க்கட்டும். வியர்த்துவிட்ட லென்ஸைத் துடைக்காமல், தானே காய விடுங்கள்.

வீட்டில், ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு ஜெல் பச்சையாகவோ மாறினால் ஈரம் குடித்து முடித்துவிட்டது. சூடாக்கினால் மீண்டும் உயிர்பெறும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். அரிசி போட்டு வைத்தால் தவிட்டுத் தூள்தான் மிஞ்சும். அந்துருண்டையின் ஆவி கண்ணாடியில் படிகமாகப் படியும். வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று மணிக்கணக்கில் காயவைப்பவர்களும் உண்டு. ஒட்டுப்பசையும் உள்ளிருக்கும் மசகும் கெடும், நூலோ அங்கேயே நிற்கும்.

உள்கண்ணாடியில் உள்ளதை வீட்டில் எதைக் கொண்டும் எடுக்க முடியாது. லென்ஸைத் திறந்தால் கண்ணாடிகளின் மையம் விலகி, படம் ஒரு பக்கம் மங்கிவிடும். அதே நேரம், ஓரத்தில் நான்கு நூல் தெரிகிறது என்பதற்காக உடனே திறக்கச் சொல்வதும் சரியல்ல. பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சை அரித்திருந்தால், நூலை எடுத்தபின்னும் தடம் நிற்கும். அரிக்காமலும் வளராமலும் இருந்தால் அந்த நான்கு நூல்கள் உங்கள் படத்தைக் கெடுக்கப்போவதில்லை. இன்றே விளக்கடித்து, அந்த ஓரத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை ஈரமில்லாத டப்பாவில் ஒரு மாதம் வைத்து, அதே கோணத்தில் மறுபடியும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். நூல் நீண்டிருந்தால் தாமதிக்காமல் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள், அந்த இரண்டு படங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். நீளவில்லை என்றால் அதைத் திறக்க வேண்டாம். டப்பாவின் ஜெல்லை மட்டும் நிறம் பார்த்து மாற்றிக்கொண்டு, பறவைகளை எடுக்கப் போகலாம்.