முன்கூட்டி வந்த நெஞ்சு வலி நல்லதா?

கேள்வி: மாரடைப்புக்கு முந்தின நாட்களில் நெஞ்சு வலி வந்துபோனவர்களுக்கு இதயத் தசை குறைவாகத்தான் சேதமாகும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மைதான். என் அப்பா கதையைச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. பச்சை இலை மூட்டையோடு மேடேறும்போதெல்லாம் இரண்டு நாளாக அப்பாவுக்கு நெஞ்சை அழுத்தியிருக்கிறது. உட்கார்ந்தால் விட்டுவிடும். குளிருக்கு வாயு பிடித்துவிட்டது என்று சுக்குக் காப்பியில் சமாளித்தார். மூன்றாம் நாள் விடிகாலையில் வந்த வலி விடவே இல்லை. மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அப்புறம் கோவை. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்த டாக்டர், எக்கோ என்ற இதய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பம்பிங் பரவாயில்லை, முன்னாடி வந்த வலி தசையைப் பழக்கியிருக்கலாம்" என்றார். வலி பழக்குமா? நம்பாமல் தேடிப் படித்தேன்.

1986-ல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். இதய ரத்தக்குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இப்படி 4 முறை. பிறகு 40 நிமிடம் ஒரேயடியாக அடைத்தார்கள். அந்த நாய்களுக்கு இறந்த தசை, பழக்காத நாய்களுக்கு இறந்ததில் கால்வாசிதான். சிறிய அடைப்பின்போது அடினோசின் போன்ற பொருட்கள் சுரந்து, செல்லைச் சிக்கனமாக இருக்கத் தயார் செய்கின்றன. பஞ்சம் பார்த்த வீடு மாதிரி. இந்தக் காப்பு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். ஒரு நாள் கழித்து, முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகத் திரும்பி வந்து, மூன்று நாள் வரை நிற்கும். அப்பாவின் கணக்கு இதில்தான் விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. 40 நிமிடத்துக்குப் பதில் 3 மணி நேரம் அடைத்தபோது பழக்கிய தசையும் பழக்காத தசையும் ஒரே மாதிரி செத்தன. அதாவது கிடைப்பது கொஞ்சம் அவகாசம் மட்டும். வண்டி தேடி, வளைவெல்லாம் இறங்குவதற்குள் அது கரைந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்தப் பலன் குறைவாகவே தெரிகிறது.

இதையெல்லாம் விளக்கியபோது அப்பா, "அப்ப அந்த ரெண்டு நாள் வலி நல்லதுக்குத்தான்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்: "அன்னைக்கே ஈசிஜி எடுத்திருந்தா இந்த ஸ்டென்ட்டுக்கு விடியுறதுக்குள்ள அலறியடிச்சு ஓடியிருக்க வேண்டாம்!"