மேஸ்திரியின் கருவி மதியத்துக்குள் அணைந்துபோவது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருக்கிறோம். மழை நிலவரம், மிளகு விலை, அன்றைய பறிப்புப் பகுதிகள் என்று 100 செய்திகளை அலுவலகத்து ரேடியோக் கருவி ஓயாமல் சுற்றிச் சுற்றி ஒலிபரப்புகிறது. ஒரு செய்திக்கு ஒரு வினாடி. மேஸ்திரிகளின் கைக்கருவிகளில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ஒலிபரப்பின் சக்தியைக் கூட்டலாமா, பெரிய பேட்டரி வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். செய்தியைப் பெறுவதற்கு ஆகும் மின்சாரமே, அது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதற்கும் ஏறக்குறைய ஆகிறது. மிளகு விலை எப்போது வரும் என்று தெரியாததால் உங்கள் கருவி சராசரியாக 50 வினாடி விழித்துக் கிடக்கிறது. பேட்டரியைத் தின்பது அந்தக் காத்திருப்புதான்.

ஒலிபரப்புக்குள்ளேயே ஒரு பொருளடக்கத்தைச் சேருங்கள். எந்தச் செய்தி எத்தனையாவது வினாடியில் வரும் என்பதை அது சொல்லும். 1994-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இமியெலின்ஸ்கி, விஸ்வநாதன், பத்ரிநாத் மூவரும் வகுத்துக் காட்டிய வழி இது. பொருளடக்கத்தை ஒரு சுற்றில் எத்தனை முறை வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு: தரவின் அளவைப் பொருளடக்கத்தின் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்கள் பொருளடக்கம் 4 வினாடி பிடிக்கும் என்றால், 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25, வர்க்கமூலம் 5. ஆக, 20 செய்திக்கு ஒரு முறை.

இனி மேஸ்திரி பொத்தானை அழுத்தியதும் கருவி ஒரே ஒரு செய்தியைக் கேட்கும். அடுத்த பொருளடக்கம் எப்போது என்ற குறிப்பு ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். குறிப்பைப் படித்துக் கருவி உறங்கும், பொருளடக்கத்துக்கு எழும், மீண்டும் உறங்கும், மிளகு விலைக்கு எழும். மொத்த விழிப்பு 6 வினாடி. விலை தெரியச் சராசரியாக 72 வினாடி ஆகும். முன்பைவிட 22 வினாடி தாமதம். சில்வர் ஓக் நிழலில் நிற்பவருக்கு இது பொருட்டே இல்லை. பொருளடக்கத்தை ஒரே முறை வைத்தால் 104 வினாடி, பத்து முறை வைத்தால் 77. ஐந்தில் நில்லுங்கள்.

எல்லோரும் கேட்கும் செய்தியைச் சுற்றில் இருமுறை வைக்கலாம்.

மலைச்சரிவில்தான் உண்மையான சிக்கல். மடிப்புக்குப் பின்னால் போனால் செய்தி தவறும். அப்போது பல கருவிகள் அது மறுபடி வரும்வரை விழித்தே இருக்கின்றன. சேமித்ததெல்லாம் அங்கே போய்விடும். தவறினால் உடனே உறங்கி, அடுத்த பொருளடக்கத்துக்கு எழும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். கருவியின் கடிகாரம் சற்றே பிசகும் என்பதால், குறித்த நேரத்துக்குச் சில மில்லிவினாடி முன்பே எழட்டும். முதலில் ஒரே ஒரு மேஸ்திரியின் கருவியில் மாற்றி, பழைய கருவியோடு சேர்த்து ஒரு நாள் பறிப்புக்கு அனுப்பிப் பாருங்கள்.