உத்தரவு ஒருவரிடமிருந்தே வரட்டும்

கேள்வி: நகராட்சி மன்றத் தலைவராக அண்மையில் பொறுப்பேற்றேன். நான் நேரில் சொல்லும் வேலைகள் அன்றைக்கே முடிந்துவிடுகின்றன. ஆனால், அலுவலகத்தின் வழக்கமான பணிகள் முன்பைவிடத் தேங்குகின்றன. ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை என்று கருதலாமா?

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். நீங்கள் நேரில் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் ஏற்கெனவே வேறு பணியில் இருக்கும் ஒருவரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது; அவர் விட்டுச்செல்லும் வேலைதான் தேங்கி நிற்கிறது.

விடியற்காலையில் மேஸ்திரி பெயர்களை வாசித்து, தெருவாரியாக ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார். அரை மணி நேரத்தில் மன்ற உறுப்பினர் ஒருவரின் அழைப்பு வர, தூய்மைப் பணியாளர் ஒருவர் தம் தெருவைப் பாதியில் விட்டுவிட்டு, அவர் சொன்ன இடத்துக்குத் தள்ளுவண்டியுடன் போகிறார். பத்து மணிக்கு வரும் ஆய்வாளர், அள்ளாமல் கிடக்கும் குப்பையைப் பார்த்துவிட்டு அந்தப் பணியாளருக்கே மெமோ கொடுக்கிறார். சொன்னதைச் செய்து தண்டனை வாங்கிய அந்த மனிதர், அதன் பிறகு எழுத்தில் வராத எதையும் செய்யத் தயங்குவார். நாம் அதற்கு ஒத்துழையாமை என்று பெயர் வைத்துவிடுவோம். இது பெரிய அநியாயம்.

இந்தச் சிக்கல் புதிதன்று. கொள்கையை முடிவு செய்யும் அரசியலையும் அதைச் செயற்படுத்தும் நிர்வாகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன் 1887இலேயே எழுதினார். 1913ஆம் ஆண்டு வெள்ளத்தில் சீரழிந்த அமெரிக்க நகரமான டேட்டன், 1914இன் தொடக்கத்திலிருந்து, மன்றம் முடிவெடுக்க, அது நியமித்த மேலாளர் ஊழியர்களை நடத்தும் முறைக்கு மாறியது. ஆனால், கோடு கிழித்தாற்போல இவ்விரண்டையும் பிரித்துவிட முடியாது என்பதே என் கருத்து. குழாயில் தண்ணீர் வராத வீட்டார் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள், வரவும் வேண்டும்.

எனவே, குறைகளை யாரிடமிருந்தும் நேரடியாகக் கேளுங்கள். உத்தரவை மட்டும், ஊழியர்களை நடத்தும் நகராட்சி ஆணையர் வழியாகவே அனுப்புங்கள். உறுப்பினர்களின் கோரிக்கைகளை ஒரே பதிவேட்டில் எழுதச் செய்து, வாரம் ஒருமுறை ஆணையருடன் அமர்ந்து, இருக்கும் ஆட்களைக் கொண்டு எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்யுங்கள். தள்ளிவைத்ததற்கான காரணத்தை, மக்களிடம் ஊழியரைச் சொல்லவிடாமல், நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: இடமாறுதலுக்கு வரும் சிபாரிசுகளை எப்படித் தவிர்ப்பது?

பதில்: சிபாரிசு வருவதைத் தடுக்க முடியாது, அதன் வலிமையைக் குறைக்க முடியும். ஒரே இருக்கையில் எத்தனை ஆண்டுகள், உடல்நலக் காரணத்துக்கு என்ன முன்னுரிமை என்பவற்றை, விதிகளுக்கு உட்பட்டு, மாறுதல் காலத்துக்கு முன்பே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். வரும் சிபாரிசுக் கடிதங்களைக் கிழித்தெறியாமல் கோப்பிலேயே சேர்த்துவையுங்கள். கடிதம் கோப்பில் இருக்கும் என்று தெரிந்தால் பலர் எழுதவே யோசிப்பார்கள்.