முடி கொட்டுது, முடிவு இன்னும் எடுக்கல

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயசு, பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன். ஆம்பளையா பொறந்தேன், ஆனா உள்ளுக்குள்ள நான் பொண்ணுதான்னு சின்ன வயசுலேர்ந்தே தோணுது, ஹார்மோன் எடுக்கலாமான்னு யோசிச்சுட்டே இருக்கேன், வீட்ல யாருக்கும் தெரியாது. இதுக்கு நடுவுல ரெண்டு வருஷமா நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிட்டே போகுது, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வழுக்கை. நான் முடிவு எடுக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுமோன்னு ராத்திரி தூக்கமே வரல. அம்மா பழனில மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்ங்கறாங்க, ஃப்ரெண்ட் ஒருத்தங்க கருத்தடை மாத்திரை போட்டா நின்னுடும்ங்கறாங்க. என்ன பண்ணட்டும்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கண்ணு, முடிய காப்பாத்தறது வேற, மாறலாமா வேண்டாமாங்கறது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கிட்டதாலதான் உனக்கு தூக்கம் போச்சு. முடிக்கு இந்த வாரமே ஸ்கின் டாக்டர பாரு, முடி கொட்டற எந்த பையனும் போறதுதானே, அதுக்காக வீட்ல எதையும் சொல்ல வேண்டியதில்ல. பெரிய முடிவுக்கு எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கோ.

நீ சொல்றத பாத்தா பரம்பரை வழுக்கை மாதிரிதான் இருக்கு. டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன்ல ஒரு பங்கு உடம்புல டிஹெச்டின்னு இன்னொரு ஹார்மோனா மாறும், அது முன்னந்தலை, உச்சந்தலை வேர கொஞ்சம் கொஞ்சமா சுருக்கிடும், முடி மெலிசாகிட்டே வந்து பூனை முடியாட்டம் ஆகி கடைசில வர்றதே நின்னுடும். பளபளன்னு ஆயிட்ட எடத்துல திரும்ப முளைக்க வைக்கறது ரொம்ப கஷ்டம், அதான் சீக்கிரம் போன்னு சொல்றேன். மொட்டை போட்டா வேர் மாறாது கண்ணு. வேண்டுதல்னா அது வேற, ஆனா முடி மாசத்துக்கு ஒண்ணேகால் சென்டிமீட்டர்தான் வளரும், தோள் வரைக்கும் வர ரெண்டு வருஷம் ஆகும், அடர்த்தியாகும்னு நம்பி மட்டும் குடுத்துடாத.

டாக்டர் பெரும்பாலும் ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தலைல தடவற மினாக்சிடில் 5 சதவீதம், இந்த ரெண்டுலதான் ஆரம்பிப்பாங்க. ஃபினாஸ்டரைடு ரத்தத்துல டிஹெச்டிய கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைக்கும், டெஸ்டோஸ்டிரோன குறைக்காது, அதனால உடம்பு பொண்ணா மாறாது, இன்னும் முடிவு எடுக்காத உனக்கு இதுதான் சௌகரியம். ஆனா சில பேருக்கு மனசு சோர்ந்து போகும், செக்ஸ் ஆசை குறையும், நீ ஏற்கனவே தூக்கம் இல்லாம கெடக்கற, இத டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு.

மினாக்சிடில்ல உனக்குன்னே ஒரு விஷயம் சொல்லணும். அது நெத்தில வழிஞ்சாலோ, ஈரத்தோட படுத்து தலகாணில ஒட்டி கன்னத்துல பட்டாலோ அங்கயும் முடி வளர வாய்ப்பு இருக்கு, மீசை தாடியே வேணாம்னு நெனக்கற உனக்கு அது எவ்வளவு வேதனைன்னு எனக்கு தெரியும். அதனால ராத்திரி தூங்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே, காஞ்ச தலைல, முடில இல்லாம தோல்ல படற மாதிரி தடவு, கைய கழுவிடு. மொத சில வாரம் இன்னும் அதிகமா கொட்டும், பயந்து நிறுத்திடாத, பலன் தெரிய நாலு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் ஆகும்.

கருத்தடை மாத்திரை மட்டும் தயவுசெஞ்சு வேணாம். அதுல பெரும்பாலும் இருக்கற எத்தினைல் எஸ்ட்ராடியோல்ங்கற செயற்கை பெண் ஹார்மோனால ரத்தக்கட்டு வர்ற ஆபத்து அதிகம், சிகரெட் பழக்கம் இருந்தா இன்னும் மோசம். பொண்ணா மாறறதுக்கு முறையா ஹார்மோன் குடுக்கற டாக்டருங்க எஸ்ட்ராடியோல்ங்கற பெண் ஹார்மோனும் ஆண் ஹார்மோன அடக்கற மருந்தும் குடுத்து அப்பப்போ ரத்தப் பரிசோதனை பண்ணுவாங்க. அதுல கொட்டறது பெரும்பாலும் அடங்கும், ஆனா ஏறிப்போன நெத்தி முழுசா எறங்கி வராது. முடிக்காக மட்டும் ஹார்மோன் எடுக்காத, மார்பு வளர்ந்துட்டா மருந்த நிறுத்தினாலும் போகாது, கொழந்த பெத்துக்கற வாய்ப்பும் குறையும், அந்த ஆசை இருந்தா மொதல்லயே விந்தணு சேமிச்சு வைக்கறத பத்தி கேளு. இதெல்லாம் பேச சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலயும் திருநங்கைகளுக்குன்னே தனி கிளினிக் இருக்கு, பேச போனாலே மருந்து ஆரம்பிச்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல.

முடி நடற ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு ஆஃபர்னு எவனாச்சும் கூப்பிட்டா அட்வான்ஸ் கட்டிடாத. கொட்டறது நிக்காம நட்டா சுத்தி இருக்கறது போய் நட்டது மட்டும் தனியா நிக்கும், அதோட ஆம்பளைக்கு வரையற நெத்தி கோடு வேற, பொண்ணுக்கு அது வளைவா, ஓரத்துல மூடி இருக்கும். நீ எந்தப் பக்கம்னு உனக்கே தெளிவான பிறகு அந்த கோட்ட வரையச் சொல்லு.