பாஸ்டர் மால்டொனாடோ வென்ற அந்த ஒரே ஒரு ஃபார்முலா 1 பந்தயம் வெறும் அதிர்ஷ்டமா?

மால்டொனாடோவை 'பே டிரைவர்' என்பார்கள், அதாவது அணிக்கு விளம்பரதாரர் பணத்தையும் சேர்த்துக் கொண்டுவரும் ஓட்டுநர். கார் உருவாக்கும் செலவு மிக அதிகம். நடுத்தர அணிகளுக்கு அந்தப் பணம் தேவை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த மாணவர் மாதிரி, அவர் எது செய்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வெனிசுவேலாவின் மால்டொனாடோ 2011-இல் தன் நாட்டு அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவோடு வில்லியம்ஸ் அணிக்கு வந்தார். அடிக்கடி மோதினார், தண்டனைகளும் வாங்கினார். அந்தக் கெட்ட பெயர் நியாயமானதுதான்.

ஆனால் அவர் வென்ற 2012 பார்சிலோனா பந்தயம் வேறு. முதலிடத்திலிருந்து கிளம்பிய அவரை, தொடக்கத்திலேயே ஃபெராரி ஓட்டுநர் அலோன்சோ முந்திவிட்டார். அப்புறம் மால்டொனாடோ அலோன்சோவுக்கு முன்பே டயர் மாற்றி, புது டயரின் வேகத்தில் முன்னிலையைப் பிடித்து, கடைசிவரை விடவில்லை.

தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த மெக்லாரன் ஓட்டுநர் ஹாமில்டன் தண்டிக்கப்பட்டு கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டதால் கிடைத்த வெற்றி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சுற்றில் ஹாமில்டனுக்கு அடுத்த வேகம் மால்டொனாடோவுடையதுதான்.