துறக்க என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த முறை நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளக்கூட நான் போகவில்லை. வேலை போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கடனில்தான் குடும்பம் ஓடுகிறது. கடன் எவ்வளவு என்பதை மனைவியிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். செபத்தில் மனம் நிற்பதில்லை. கடவுள்மீது கோபம் கோபமாக வருகிறது. செபக் கூட்டத்தில் ஒருவர், “நீங்கள் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் கதவு திறக்கவில்லை” என்றார். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போனாலும் என்ன சொல்வது? எதையாவது துறக்கச் சொல்கிறார்கள். எல்லாம் போனவன் எதைத் துறப்பான்? உயிர்ப்புப் பெருவிழாவில் என்னால் அல்லேலூயா பாட முடியும் என்று தோன்றவில்லை.

பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

---

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அந்தச் செபக் கூட்டத்துப் பேச்சை அப்புறப்படுத்திவிடுவோம். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு சொல் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்து பாவக் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கடைசியில் ஆண்டவருடைய சினம் அவர்கள்மேல்தான் விழுந்தது. தம் முகத்துக்கு நேரே முறையிட்ட யோபு தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினார் என்று அவரே சொன்னார்.

ஆகவே உங்கள் கோபத்தைக் கண்டு மிரள வேண்டாம். திருப்பாடல் 88 தொடக்கம் முதல் முடிவு வரை அழுகைதான். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலானவற்றில் எங்காவது ஒரு நம்பிக்கை வரி வரும். இது இருளிலேயே முடிகிறது. அந்தப் பாடலைத்தான் திருச்சபை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்லக் கூசுவதை உலகெங்கும் துறவியரும் குருக்களும் வாரந்தோறும் வாய்விட்டுச் செபித்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள்.

என் அம்மா நோயில் கிடந்த காலத்தில் நான் ஒப்புரவுக்குப் போனேன். செபத்தில் பராக்கு, பூசையில் தூக்கம், பக்தியில் வறட்சி என்று அடுக்கிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டிருந்த வயதான குருவானவர், “இதெல்லாம் களைப்பு. களைப்புக்கு எதற்கு மன்னிப்பு? பாவம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார். வெகுநேரம் கழித்து, என் தம்பியோடு ஓர் ஆண்டாகப் பேசவில்லை என்று சொன்னேன். அதுதான் பாவம். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் அத்தனை களைப்பையும் பாவமென்று அடுக்கியிருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் வந்த சண்டை அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலை போனது, கடன் வாங்கியது, கோபம் வருவது, மனம் நிற்காதது எதுவும் பாவம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வந்து போகிறது: மனைவியிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று. என்ன சொல்வது என்று கேட்டீர்களே, இதைச் சொல்லுங்கள். அவரைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் மறைத்திருப்பீர்கள், தெரிகிறது. ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே கடனின்கீழ், அவர் ஒரு தொகையை நம்பிக்கொண்டும் நீங்கள் வேறொரு தொகையைச் சுமந்துகொண்டும் வாழ்கிறீர்கள். உங்களைத் தனிமைப்படுத்தியிருப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒப்புரவில் சொன்னது அங்கேயே நிற்கும். உயிரே போனாலும் குருவானவர் அதை வெளியிடக் கூடாது. மூன்று ஆண்டு இடைவெளிக்காக அஞ்சவும் வேண்டாம். “கடைசியாக ஒப்புரவு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன” என்று தொடங்கினால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். ஆனால் பாவமன்னிப்பு கிடைத்துவிட்டது என்பதால் மனைவியிடம் சொல்ல வேண்டிய கடமை தீர்ந்துவிடாது. ஒரு மனிதர் முன்னால் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது சற்று எளிது. அதனால்தான் முதலில் அங்கே போகச் சொல்கிறேன். எதைத் துறப்பது என்ற கேள்விக்கும் என்னிடம் உள்ள பதில் இதுதான். மறைத்துவைத்த அந்தப் பாதியைத் துறந்துவிடுங்கள்.

சாம்பல் பூசப் போகவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் அந்தச் சாம்பல் பெரும்பாவம் செய்து வெளிப்படையாகத் தவம் செய்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. தவக்காலம் முழுவதும் அவர்கள் விலகி நிற்பார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். 11ஆம் நூற்றாண்டு வாக்கில் சாம்பல் எல்லார் தலைக்கும் வந்தது. ஆயர், குரு, இல்லறத்தார் என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் தவம் செய்பவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். அந்த வரிசையில் உங்களுக்கும் இடம் உண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் போய்விட்டால் என்ன, தவக்காலம் போய்விடவில்லையே.

அல்லேலூயா பற்றி. தவக்காலம் நாற்பது நாள் என்றால் பாஸ்கா காலம் ஐம்பது நாள். உயிர்ப்பு ஞாயிறன்று காலையிலேயே உங்கள் மனம் மலர்ந்தாக வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. பாட வரவில்லையென்றால் பாடுகிறவர்கள் நடுவில் நில்லுங்கள். ஆண்டவர் உயிர்த்த பிறகும் பேதுரு மீன்பிடிக்கப் போய், இரவெல்லாம் வலை வீசி, விடியும்வரை ஒன்றும் கிடைக்காமல் இருந்தாரே. கரையில் உயிர்த்த இயேசு நின்றார், அங்கே கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி பேதுரு தம் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்ததும் கரி நெருப்பின் அருகில்தான். கரி நெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. பேதுருவுக்கு அந்தப் புகை எதை நினைவூட்டியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இயேசு எதையும் கிளறவில்லை. முதலில் உண்ணக் கொடுத்தார். உண்டு முடித்த பிறகுதான் என்மீது அன்பு செலுத்துகிறாயா என்று கேட்டார், மூன்று முறை.

இந்த வாரமே பங்குத்தந்தையிடம் நேரம் கேளுங்கள். அவரிடம் கூச்சமாக இருந்தால் வேறு பங்கிலும் குருக்கள் உண்டு. மனைவியிடம் பேசிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் இருவருக்காகவும் செபிக்கிறேன்.

அன்புடன்