பப் நடத்துபவர் நண்பரின் தேர்தலுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: சிட்னியின் மேற்குப் பகுதியில் நானும் இரண்டு நண்பர்களும் கம்பனி பதிந்து ஒரு பப் நடத்துகிறோம். மூவரும் இயக்குநர்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. போக்கி மெஷின்களும் (காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்கள்) இருக்கின்றன. என்னோடு ஊரில் படித்த ஒருவர் அடுத்த மாநிலத் தேர்தலில் ஒரு கட்சியின் வேட்பாளர். நிதி சேர்ப்பு விருந்துக்கு ஒரு மேசை எடுக்கச் சொன்னார். கம்பனி பெயரில் வேண்டாமே என்று மனைவியின் கார்டில் 1,500 டொலர் கட்டினோம். சூதாட்டத் தொழிலில் இருப்பவர்கள் கொடுக்கவே கூடாது என்று இப்போது ஒருவர் சொல்கிறார். மச்சான் பெயருக்கு மாற்றிவிடலாமா? காசுக்குப் பதில் எங்கள் மேல்மாடி மண்டபத்தைக் கூட்டங்களுக்குச் சும்மா கொடுத்தால் சரிதானே?

பதில்: மச்சானை இதில் இழுக்காதீர்கள். முதலில் கட்டிய காசைத் திரும்பக் கேளுங்கள். இன்றைக்கே, கட்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில். நண்பரிடம் தொலைபேசியில் சொல்வது போதாது. அவர் கட்சி வேட்பாளர் என்பதால் கணக்கு கட்சியின் முகவரிடம் இருக்கும், பதிலும் அங்கிருந்துதான் வரவேண்டும்.

உங்களிடம் சொன்னவர் சொன்னது சரி. உங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் 2018ஆம் ஆண்டுத் தேர்தல் நிதிச் சட்டம் சிலரை ‘தடை செய்யப்பட்ட கொடையாளர்’ என்று வகுத்திருக்கிறது: நிலம் வாங்கிக் கட்டி விற்பவர்கள், புகையிலைத் தொழில், மதுத் தொழில், சூதாட்டத் தொழில், இவர்களைப் பெரும்பான்மை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கங்கள். மதுவிலும் சூதாட்டத்திலும் சட்டம் பார்ப்பது, இலாபத்துக்காக நடக்கும் கம்பனியின் தொழில் ‘முக்கியமாக’ அதுதானா என்பதை. பிரியாணிக் கடையில் பியரும் விற்பவர் இதில் விழமாட்டார். பியரும் போக்கியும்தான் வருமானம் என்றால் விழுவார். நீங்கள் விழுகிறீர்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. தடை கம்பனியோடு நிற்பதில்லை. அதன் இயக்குநர்கள், அதிகாரிகள், 20 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமை உள்ள பங்குதாரர்கள், இவர்கள் எல்லாருடைய கணவன் மனைவியர் வரை ‘நெருங்கிய தொடர்புடையவர்’ என்று அதே வலைக்குள் வருகிறார்கள். ஆகவே உங்கள் மனைவி தன் சம்பளக் காசில், தன் சொந்தக் கார்டில் கட்டியிருந்தாலும் அவரும் தடை செய்யப்பட்ட கொடையாளர்தான். விருந்துக்குக் கட்டிய காசு சாப்பாட்டு விலை, நன்கொடை அல்ல என்ற சமாதானமும் எடுபடாது. நிதி சேர்க்கும் நிகழ்ச்சிக்குக் கட்டும் நுழைவுக் கட்டணத்தையும் சட்டம் நன்கொடையாகவே எண்ணுகிறது.

மச்சானுக்கு வருவோம். உடன்பிறந்தவர்கள், மைத்துனர்கள், வளர்ந்த பிள்ளைகள் உறவின் பெயரால் மட்டும் தடைக்குள் வருவதில்லை. மச்சான் தன் விருப்பத்தில் தன் காசைக் கொடுத்தால் அது அவர் பாடு. நீங்கள் கேட்பது அதுவல்லவே. காசு உங்களுடையது, ரசீதில் பெயர் அவருடையது. தடை செய்யப்பட்டவருக்காக இன்னொருவர் கொடுப்பதும் தனிக் குற்றம்தான். பிறகு கையில் காசாகத் திருப்பிக் கொடுத்தாலும், கடனில் கழித்தாலும் அதே கதை.

உங்கள் கம்பனியைக் குடும்ப டிரஸ்ட் ஒன்றின் பொறுப்பாளராக வைத்திருக்கிறீர்களா என்று கணக்காளரிடம் கேளுங்கள். வரிக்காக நம்மவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் பொறுப்பாளரே தீர்மானிக்கும் வகை டிரஸ்ட் என்றால், அதன் பயனாளிகளும் நெருங்கிய தொடர்புடையவர்கள் ஆகிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் தன் கட்சிக்கு நூறு டொலர் போட்டுவிட்டு இதில் மாட்டிக்கொள்ளலாம். மச்சானின் பெயரும் அந்தப் பத்திரத்தில் இருந்தால், அவர் சொந்தக் காசைக்கூடக் கொடுக்க முடியாது.

இரவல் பெயரில் கொடுப்பது எங்கே போய் முடியும் என்பதற்குச் சிட்னியிலேயே கதை உண்டு. 2015 மார்ச்சில் தொழிற்கட்சிக்காகச் சீன சமூகத்தவர் நடத்திய ஒரு விருந்தையொட்டி, கட்சித் தலைமையகத்துக்கு 1,00,000 டொலர் நோட்டாக வந்தது. கொடுத்ததாகப் பன்னிரண்டு பேரின் பெயர்கள் எழுதப்பட்டன. அவர்களில் சிலர் ஓர் உணவகத்தின் ஊழியர்கள். ஊழல் தடுப்பு ஆணையமான ஐகாக் பகிரங்க விசாரணை நடத்தி, உண்மையில் அது ஹுவாங் சியாங்மோ என்ற கட்டுமானத் தொழிலதிபரின் காசு என்று 2022 பெப்ரவரி அறிக்கையில் முடிவு சொன்னது. அவர் தடை செய்யப்பட்ட வகை. பெயர் இரவல் கொடுத்தவர்கள் முதலாளி கேட்டாரே, தெரிந்தவர் கேட்டாரே என்று தலையாட்டியவர்கள். விசாரணைக் கூண்டில் நின்று விளக்கம் சொல்லும் நிலை அவர்களுக்குத்தான் வந்தது.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். தடை என்று தெரிந்தே கொடுத்தால், வாங்கினால் 44,000 டொலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தடையைச் சுற்றிப் போகத் திட்டம் போட்டால் பத்து ஆண்டு வரை. வாங்கியவர் தெரிந்தே வாங்கியிருந்தால் தொகையைப்போல் இரட்டிப்பைத் தேர்தல் ஆணையம் வசூலிக்கலாம். நீங்கள் கட்டியபோது தெரியாது என்பது உங்களுக்குச் சாதகமானது. இப்போது தெரிந்துவிட்டது. இனி பெயரை மாற்றினால் அந்தச் சாதகம் போய்விடும். காசு திரும்பி வருவதில் இழுபறி என்றால் தேர்தல் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

மண்டபம்: சும்மா கொடுத்தால் அதுவும் நன்கொடை. குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், குறைத்த அளவு நன்கொடை. கல்யாண வீட்டாருக்கு என்ன வாடகையோ அதையே கட்சியிடமும் வாங்கி, பில் போட்டு, வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டால் அது வியாபாரம்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செய்யப் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் கொடுக்க முடியாது, நாலு பேரிடம் சொல்லி டிக்கெட் விற்றுத் தருகிறேன் என்பது. தடை செய்யப்பட்ட கொடையாளர் மற்றவர்களிடம் நன்கொடை கேட்பதும் குற்றம். கோயிலில், பழைய மாணவர் சங்கத்தில், பப்பில் பியர் ஊற்றும்போது, எங்கேயும் கேட்காதீர்கள். உடம்பால் உழைக்கத் தடையில்லை. சம்பளம் வாங்காத தொண்டர் உழைப்பு நன்கொடைக் கணக்கில் வராது. துண்டுப் பிரசுரம் போடலாம், வாக்குச் சாவடி வாசலில் நிற்கலாம், நண்பர் நல்லவர் என்று பத்துப் பேரிடம் சொல்லலாம்.

பப்பை விற்றுவிட்டீர்கள், இயக்குநர் பதவியிலிருந்து விலகிவிட்டீர்கள் என்றால் நிலைமை மாறும். அப்போதும் ஊகத்தில் கொடுக்க வேண்டாம். நீங்கள் தடை செய்யப்பட்டவர் அல்ல என்று தீர்மானம் தரும்படி தேர்தல் ஆணையத்திடமே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் 12 மாதம் செல்லும்.

ஊரெல்லாம் கொடுக்கும்போது பப்காரனுக்கு மட்டும் ஏன் இந்தத் தீட்டு என்று உங்களுக்குக் கோபம் வரலாம். தீட்டு அல்ல. போக்கி மெஷின் எத்தனை வைக்கலாம், எத்தனை மணி வரை ஓடலாம், எவ்வளவு வரி என்பதையெல்லாம் முடிவு செய்வது மாநில அரசு. மெஷின்கள் 1956இல் கிளப்களுக்கும் 1997இல் பப்களுக்கும் வந்தது சட்டத்தின் கையால்தான். இன்று மாநிலத்தில் 80,000க்கும் மேற்பட்ட மெஷின்கள். ஓர் அமைச்சரின் ஒரு கையெழுத்தில் ஒரு தொழிலின் இலாபமே தலைகீழாகும் என்றால், அந்தத் தொழில் அமைச்சரின் கட்சிக்குக் கொடுக்கும் காசை வெறும் நட்பு என்று எப்படிப் பார்ப்பது? கட்டுமானக்காரர்களுக்கு 2009இல் வந்த தடை 2010இல் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் புகையிலைக்கும் விரிந்தது. கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று நியூகாசில் மேயராக இருந்த கட்டுமானத் தொழிலதிபர் ஜெஃப் மெக்லோய் நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனார். 2015 அக்டோபரில் நீதிமன்றப் பெரும்பான்மை, கட்டுமானக்காரர்கள் மீதான தடை செல்லும் என்றது.

தடையில் நெடுநாள் ஓட்டை ஒன்றும் இருந்தது. கிளப்கள் இலாப நோக்கற்றவை என்பதால் நூற்றுக்கணக்கில் மெஷின் வைத்திருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தன. போக்கி மெஷின்களில் கள்ளப் பணம் பெருந்தொகையாகப் புரள்கிறது என்று மாநிலக் குற்ற ஆணையம் 2022 அக்டோபரில் சொன்ன பிறகு அது தேர்தல் விவகாரமாகி, 2023இல் மெஷின் வைத்திருக்கும் கிளப்களுக்கும் கதவு மூடப்பட்டது. அதுவரை பப்காரர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது என்பேன்.

இன்னும் மூடாத கதவுகள் உண்டு. கூலிக்கு அமைச்சர்களிடம் பேசப் போகும் லாபியிஸ்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பதிவு செய்ய வேண்டும், காரியம் முடிந்தால் இவ்வளவு என்று வெற்றிக் கட்டணம் பேசக்கூடாது. ஆனால் லாபியிஸ்ட் என்பதற்காக மட்டும் அவர்கள் நன்கொடை கொடுப்பதற்குத் தடை இல்லை. பப்காரரின் மனைவி என்பதற்காக உங்கள் மனைவிக்கு முடியாதது, பெரிய சூதாட்டக் கம்பனிக்காகப் பேசும் தரகருக்கு முடிகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மற்றக் கதவு கூட்டரசு. தேசியத் தேர்தலில் சூதாட்டத் தொழிலுக்கு இப்படியொரு தடை கிடையாது, மாநிலத் தடை அங்கே செல்லவும் செல்லாது. கட்சிகள் கூட்டரசுத் தேர்தல் செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. உங்கள் மின்னஞ்சல் போனதும் கட்சி அலுவலகத்திலிருந்து யாராவது அழைத்து, “திருப்பித் தருவதற்குப் பதில் அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோமே” என்று கேட்கக்கூடும். அப்படி மாற்றினால் அதில் ஒரு டொலர்கூட நண்பரின் மாநிலப் பிரசாரத்துக்குச் செலவாகக் கூடாது. முதலில் 1,500 டொலரும் மனைவியின் கார்டுக்கே திரும்பட்டும். கூட்டரசுக் கட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் அதைப் பிறகு தனியாகச் செய்யலாம்.